பகிரும் விதைக்கு ஊரும் பேரும் வேண்டும்

தமிழ்நாட்டு நகரங்களில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் தோட்டம் வைத்து, விதையும் கன்றும் பகிர்ந்துகொள்ளும் அனைவருக்கும்,

தோட்டங்களுக்கிடையே கைமாறுபவை இரண்டு வகை. ஒன்று விதை. மற்றொன்று செடியின் உடம்பிலிருந்தே எடுக்கும் துண்டு: முருங்கைப் போத்து, மல்லிகைப் பதியம், மஞ்சள் கிழங்கு, கறிவேப்பிலையின் வேரடியில் கிளம்பும் பக்கக்கன்று. கொடுக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். போய்ச் சேர்ந்த இடத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். துண்டிலிருந்து தழைப்பது தாய்ச்செடியேதான். தாயின் ருசி, பூவின் நிறம், உடம்பில் ஒளிந்திருந்த நோய் அத்தனையும் அதனோடு வரும். விதையிலிருந்து வளர்வது பிள்ளை. அதன் தகப்பன் யார் என்பது பல நேரங்களில் விதை கொடுத்தவருக்கே தெரியாது. பகிர்வில் நேரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில்தான் பிறக்கின்றன: விதையோடு வராமல் போன தகவல், துண்டோடு வந்துவிட்ட நோய்.

தமிழ்நாட்டில் மாடித்தோட்டம் பரவலானதில் அரசுக்கும் பங்கு உண்டு. தோட்டக்கலைத் துறை 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற திட்டத்தில் வளர்ப்புப் பைகளையும் தென்னை நார்க் கழிவையும் விதைகளையும் மானிய விலையில் கொடுத்தது. கடைப் பாக்கெட் விதையில் தொடங்கியவர்கள் ஓரிரு பருவங்களிலேயே நாட்டு ரகங்களைத் தேடினார்கள். மூக்குத்தி அவரை, சிறகவரை, தம்பட்டை அவரை, மிதிபாகல், குடுவைச் சுரை, காவள்ளிக் கிழங்கு என்று அந்தத் தேடலின் பட்டியல் நீளமானது. இவற்றில் பெரிய வியாபாரம் இல்லாததால் விதை நிறுவனங்கள் இவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. யாரோ ஒருவர் வீட்டில் ஆண்டுதோறும் விதைத்து, காயவைத்து, எடுத்து வைப்பதால்தான் இவை இன்றும் இருக்கின்றன.

வேலூர் முள் கத்தரிக்காயும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. அந்தக் குறியீடு காக்கும் பொருள் பெயர். வேறு ஊர்க் கத்தரியை வேலூர்க் கத்தரி என்று சொல்லி விற்க முடியாமல் அது தடுக்கும். விதையைக் காப்பது அதன் வேலையில்லை. விதையை உறைகுளிரில் வைத்துக் காக்கும் வேலையை டெல்லியிலுள்ள தேசிய மரபணு வங்கி செய்கிறது, கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களுக்குச் சமுதாய விதை வங்கிகளை அமைத்தது. இரண்டும் அரிய பணிகள். ஆனால் குளிர் அறையில் உறங்கும் விதை ஆண்டுக்கு ஆண்டு மாறும் வெயிலையும் மழையையும் பூச்சியையும் பார்ப்பதில்லை. மண்ணில் விதைத்து எடுத்துக்கொண்டே இருக்கும் விதைதான் ஊரின் தட்பவெப்பத்துக்குப் பழகும். அதற்குப் பல வீடுகள் வேண்டும்.

ஒரு வீடு போதாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல். 2018 நவம்பரில் டெல்டாவில் கஜா. ஒரே மாடியில் மட்டும் இருக்கும் ரகம் ஒரே இரவில் போய்விடக்கூடியது. அதே ரகம் நான்கு தெருக்களில் நான்கு வீடுகளில் இருந்தால், இழந்தவர் அடுத்த பருவத்தில் நண்பரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பதே சேமிப்பு என்பது விதையின் விஷயத்தில் சொல்லுக்குச் சொல் உண்மை. அதனால்தான் அரிய ரகத்தை ஒருவருக்கே கைநிறைய அள்ளிக் கொடுப்பதைவிட, நன்றாகப் பராமரிக்கக்கூடிய ஐந்து பேருக்குப் பத்துப் பத்து விதையாகப் பிரித்துக் கொடுப்பது மேல். கையிருப்பில் பாதியையாவது கொடுப்பவர் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி விதையைக் கொடுப்பது தாராளமில்லை. பெறுபவரின் மாடியில் குரங்கு புகுந்தாலோ ஒரு வாரம் தண்ணீர் தப்பினாலோ அந்த ரகமே இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் போகும்.

விதையின் தகப்பனைப் பற்றிய பேச்சுக்கு வரலாம். தக்காளி, காராமணி, கொத்தவரை, அவரை ஆகியவை பெரும்பாலும் தம் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. பக்கத்துத் தொட்டியில் வேறு ரகம் இருந்தாலும் விதை அவ்வளவாகக் கலக்காது. புதிதாக விதை எடுக்கத் தொடங்குபவர்கள் இவற்றில் தொடங்குவது நல்லது. கத்தரி, வெண்டை, மிளகாய் இடைப்பட்டவை. தாமே காய்க்கும், ஆனால் தேனீயும் வண்டும் அதிகம் வரும் இடத்தில் கணிசமாகக் கலந்துவிடும். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி, வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூச்சி வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் காயே உண்டு. அந்தப் பூச்சி எந்த வீட்டு ஆண்பூவில் உட்கார்ந்துவிட்டு வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. தேனீக்குத் தெருக் கணக்கு கிடையாது, கிலோமீட்டர் தாண்டியும் போய்வரும்.

எது எதோடு கலக்கும் என்பதில் வீணான பயம் ஒன்று உலவுகிறது. சுரையும் பீர்க்கும் ஒரே பந்தலில் பின்னிக் கிடந்தாலும் கலக்காது. இரண்டும் வேறு இனம். வெள்ளரியும் பரங்கியும் அப்படியே. ஆனால் நீளச் சுரையும் குடுவைச் சுரையும் கலக்கும். பெரிய பாகலும் மிதிபாகலும் கலக்கும். குடைமிளகாயும் காரமான பச்சை மிளகாயும் ஒரே இனமாக இருப்பதால் அவையும் கலக்கும். கலப்பு இந்த ஆண்டுக் காயில் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயின் சதையும் தோலும் தாய்ச்செடியின் உடம்பு. கலப்பு உள்ளே விதையில் இருக்கிறது. குடுவைச் சுரை குடுவையாகவே காய்த்தது, அதனால் விதை சுத்தம் என்று நம்பிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு பெற்றவர் வீட்டுப் பந்தலில் கழுத்து நீண்டு, குடுவையுமில்லாமல் நீளமுமில்லாமல் ஒன்று தொங்கும். கொடுத்தவர்மேல் தவறில்லை, ஆனால் தடுத்திருக்கலாம்.

தடுக்கும் முறை எளிது, கொஞ்சம் பொறுமை வேண்டும். சுரைப்பூவும் பீர்க்கம்பூவும் மாலையில் விரிபவை. பரங்கியும் பாகலும் காலையில் விரிபவை. சுரையில் அன்று மாலை விரியவிருக்கும் பெண்மொட்டு ஒன்றையும் ஆண்மொட்டு ஒன்றிரண்டையும் பிற்பகலிலேயே நூலால் மெதுவாகக் கட்டிவிட வேண்டும். அடியில் சின்னப் பிஞ்சு இருப்பது பெண்மொட்டு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் கட்டை அவிழ்த்து, ஆண்பூவின் இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, பெண்பூவை மறுபடியும் கட்டிவிடலாம். பரங்கிக்கு முந்தைய நாள் மாலை கட்டி, மறுநாள் விடிந்ததும் தடவ வேண்டும். அந்தக் காயின் காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி வைத்தால், வீட்டில் யாரும் தெரியாமல் பொரியலுக்குப் பறித்துவிட மாட்டார்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெண்டைக்கும் தடவும் வேலைகூட இல்லை. பூ விரியும் முன்பே கிளைக்கு ஒரு மெல்லிய வலைப்பையைப் போட்டு, காய் பிடித்தபின் எடுத்துவிட்டு, அந்தக் காய்களுக்கு அடையாளம் வைத்தால் போதும். இந்த வேலை செய்யப்படாத விதையைக் கொடுக்கக் கூடாது என்பதில்லை. பாக்கெட்டில் ‘கலந்திருக்கலாம்’ என்ற ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்தால் நேர்மையாகிவிடும்.

ஒரே ஒரு செடியிலிருந்து விதை எடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அயல் மகரந்தத்தை நம்பி வாழும் பயிர்கள், நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால் நலிந்துபோகும். மக்காச்சோளத்தில் இது மிகக் கடுமை; பரங்கி, சுரை வகைகளில் அவ்வளவு இல்லை. மாடியில் இரண்டு சுரைக்கொடிக்கு மேல் இடமிருக்காது என்பது உண்மை. அங்கேதான் பகிர்வின் தனிப் பலன் இருக்கிறது. ஒரே ரகத்தை வளர்க்கும் ஆறு வீடுகள் தத்தம் விதையில் கொஞ்சத்தை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அந்தக் கலவையைத் திரும்பப் பிரித்துக்கொண்டால், ஒரு மாடியால் செய்ய முடியாததைப் பன்னிரண்டு கொடிகள் கொண்ட ஒரு பரந்த தோட்டம் செய்துவிடும். தோட்டக்காரர்கள் கூடும் இடங்களில் இது அரிதாகவே நடக்கிறது. அவரவர் விதை அவரவர் பாக்கெட்டில் வந்து, அப்படியே போகிறது. வேண்டியது ஒரு முறமும் அரைமணி நேரமும்தான்.

‘நாட்டு விதை’ என்று எழுதிக் கொடுப்பதில் கவனம் வேண்டும். கடையில் வாங்கிய எஃப்1 ஒட்டுரகத் தக்காளியின் பழத்திலிருந்து வீட்டில் எடுத்த விதை, வீட்டில் எடுத்தது என்பதால் நாட்டு விதை ஆகிவிடாது. எஃப்1 என்பது இரண்டு தனித்தனிப் பரம்பரைகளைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அதன் விதையை விதைத்தால் அடுத்த தலைமுறை பல விதமாகப் பிரிந்து நிற்கும்: ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று புளிப்பு, ஒன்று இனிப்பு. ஆராய்ந்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு அது சுவாரசியமான விதைதான். ஆனால் அதை நாட்டு ரகம் என்று சொல்லிக் கொடுப்பது, அதை நம்பி ஒரு பருவத்தை ஒதுக்குபவருக்குச் செய்யும் அநியாயம். காயை வாங்கியது எங்கே என்பதைச் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

சுரையில் கலப்புக்கு உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பக்கமும் உண்டு. சுரைக் குடும்பத்துச் செடிகள் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்கக்கூடியவை. மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அந்தக் கசப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கசப்பு வகையின் மகரந்தம் வந்து சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் அது திரும்பிவரலாம். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. கசக்கும் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அமைத்த நிபுணர் குழு எச்சரித்தது. விதைக்கு விடும் சுரைக்கொடியின் முதல் காயின் நுனியை வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது பழைய வழக்கம். கசப்புக் கொடியின் விதையைப் பகிர்வதே கூடாது. கொடியையே பிடுங்கிவிட வேண்டும்.

விதைக்கு எடுக்கும் காய் சமையலுக்கு எடுக்கும் பதத்தில் இருந்தால் பயனில்லை. கத்தரி செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும். வெண்டை நெற்றாகக் காய்ந்து ஓரம் வெடிக்கும் நிலைக்கு வர வேண்டும். சுரை ஓடாகி, குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்க வேண்டும். பீர்க்கு கூடாகக் காய்ந்துவிடும். புடலையும் பாகலும் சிவந்து பழுத்ததும் எடுத்து, விதையைச் சுற்றிய செந்நிறச் சதையைக் கழுவிவிட வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து அலசினால் அது விலகும்.

பிறகு காயவைத்தல். பகிரப்படும் விதைகள் முளைக்காமல் போவதற்கு முதல் காரணம் வயது என்று நினைக்கிறார்கள்; பெரும்பாலும் ஈரம்தான் காரணம். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு. சென்னைபோன்ற கடலோர ஊரின் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மூடாமல் வைத்த விதை, காய்ந்த விதையாக இருந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முன்பு வீடுகளில் பாகல், புடலை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அறைந்து வைத்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். பயறுக்குச் சாம்பலும் வேப்பிலையும் போட்டார்கள். இன்று நிழலில் நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அதே வேலை நடக்கும். கொடுப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பது, பெறுபவரின் ஒரு மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

எல்லா விதையும் காயப் பொறுக்காது. மா, பலா, கறிவேப்பிலை, வேம்பு இவற்றின் விதைகள் காய்ந்தால் செத்துவிடும் அல்லது சில வாரங்களிலேயே உயிரை இழந்துவிடும். கறிவேப்பிலைப் பழத்தைக் காயவைத்துத் தபாலில் அனுப்புவது வீண் செலவு. பழத்தை அன்றே பிதுக்கி மண்ணில் ஊன்றி, நாற்றாகக் கொடுப்பதே முறை.

துண்டால் பெருகும் செடிகளுக்குப் பக்குவம் வேறு. முருங்கைப் போத்து கைத்தடிப் பருமனுக்கும் மேலாக, ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறையாமல், முற்றிய கிளையிலிருந்து வர வேண்டும். வெட்டியபின் ஓரிரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் உலர்ந்தபின் ஊன்றினால் அழுகாது. பிரண்டைக்கும் கற்றாழைக்கும் இந்த உலர்த்தல் இன்னும் முக்கியம். கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி, வெற்றிலை, கோவை எல்லாம் கணுவோடு ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்பவை. மல்லிகையைக் குச்சியாகக் கொடுப்பதைவிட, மழைக்காலத்தில் தாழ்ந்த கிளையொன்றை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போட்டு, வேர்விட்டபின் அறுத்துக் கொடுத்தால் பெறுபவருக்கு நிச்சயம். எந்தக் கன்றானாலும் தொட்டி மாற்றிய அன்றே கொடுத்தனுப்பக் கூடாது. இரண்டு வாரமாவது கொடுப்பவர் வீட்டிலேயே நின்று வேர் பிடிக்கட்டும். கத்திரி வெயிலில் பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்யும் நாற்றுக்கு அந்த இரண்டு வாரம்தான் பலம்.

இனி, துண்டோடு வரும் நோய். இதில் ஒவ்வொரு தோட்டக்காரரின் பொறுப்பும் தன் மாடியோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டு விவசாயம் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவி, தோட்டங்களை வெண்பஞ்சு மூடியது. மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை அடக்க, 2010-இல் பியூர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அசெரோஃபாகஸ் பப்பாயே என்ற அந்தச் சிறு குளவி வேலையைச் செய்தது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் அயல்நாட்டிலிருந்து வந்ததுதான். தென்னையோடு நிற்காமல் வாழை, கொய்யா, அலங்காரச் செடிகள் வரை அது போயிருக்கிறது. இந்தப் பூச்சிகள் பெரும்பாலும் தாமாக நீண்ட தூரம் பறப்பதில்லை. கன்றின் இலையடியில் உட்கார்ந்து மனிதரின் கையில் பயணம் செய்கின்றன.

வாழைக்கன்று தனியாகச் சொல்லத்தக்கது. திண்டுக்கல் மாவட்டத்தின் விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகள் முடிக்கொத்து நோயால் பெரும் அழிவைச் சந்தித்தன. அது வைரஸ் நோய். ஓர் அசுவினி வகையும் நோயுற்ற கன்றும் அதைப் பரப்புகின்றன. இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும் வாழைக்கு மருந்து கிடையாது. அதன் பக்கத்தில் கிளம்பும் கன்று பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோயைச் சுமந்தே வரும். அப்படிப்பட்ட தூரிலிருந்து அன்பின் பேரில்கூட ஒரு கன்றும் வெளியே போகக் கூடாது.

மண்ணும் ஆபத்தானது. தக்காளி, கத்தரி, கொய்யா நாற்றுகளின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களில் அண்மைக் காலத்தில் பரவிய கடுமையான வேர்முடிச்சு நூற்புழு, நாற்றுப் பைகளின் மண் வழியாகவே ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது. 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ராட்சத ஆப்பிரிக்க நத்தை இன்று நாடெங்கும் இருப்பதில், தொட்டி மண்ணில் அது இடும் முட்டைகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே மண்ணில்லாமல் கொடுக்க முடிந்ததை மண்ணில்லாமல் கொடுப்பதே உத்தமம்: விதையாக, குச்சியாக, வேரை அலசிய நாற்றாக. கொடுப்பவர் இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களின் இடுக்கையும் பார்த்துவிட வேண்டும். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது. பெறுபவர் புதுச்செடியை நேராகக் கொண்டுபோய்ப் பழைய செடிகளுக்கு நடுவே வைக்காமல், மாடியின் மறுகோடியில் மூன்று வாரம் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். பகிரப்பட்ட செடியால் நோய் வந்துவிட்டால் கொடுத்தவரிடம் சொல்லாமல் இருப்பது நாகரிகம் என்று சிலர் எண்ணுகிறார்கள். சொன்னால்தான் அவரிடம் வாங்கிய மற்றவர்கள் தப்பிப்பார்கள்.

பெயர்க் குழப்பம் இன்னொரு தொல்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கைமாறும் செடிகளில் பல, சாலையோரப் பூங்காக்களில் தரைமூடியாக வளர்க்கும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்ற அமெரிக்கச் செடி. பூ இரண்டிலும் மஞ்சள். டிரைலோபேட்டாவின் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கீரையாகவும் மருந்தாகவும் பயன்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிரியாமல் நீண்டிருக்கும். சமைத்து உண்ணும் செடியில் இந்தத் தவறு சிறியதில்லை. டிரைலோபேட்டா உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு கணு தரையில் விழுந்தாலே பரவும். முதுமலைக் காட்டை மூடியிருக்கும் உண்ணிச்செடியும் ஏரிகளை மூடியிருக்கும் வெங்காயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவையே. வேகமாகப் படர்வதால் எளிதில் கொடுக்க முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செடியைக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அரளி, மஞ்சள் அரளி, டிஃபன்பேக்கியா போன்ற நஞ்சுள்ளவற்றைக் கொடுக்கும்போது வீட்டில் குழந்தைகள் உண்டா என்று கேட்டுக் கொடுப்பது கடமை. ‘இன்சுலின் செடி’ போன்றவற்றோடு மருத்துவ வாக்குறுதியைச் சேர்த்துக் கொடுப்பதும் ஆபத்து. யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் கன்றிலும் சில வரிகள் எழுதியிருக்க வேண்டும்: செடியின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தது, விதை எடுத்த மாதமும் ஆண்டும், கலப்பைத் தடுத்ததா இல்லையா, காயின் உருவம், பந்தல் வேண்டுமா. ஊர்ப்பெயரை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது, அதுதான் பெரிய இழப்பும். அறந்தாங்கிப் பக்கத்து வீடொன்றிலிருந்து வந்த கத்தரி, மூன்று கைமாறியபின் வெறும் ‘பச்சைக் கத்தரி’ ஆகிவிடுகிறது. அதன்பின் அதே ரகம் எங்கேனும் அழிந்தாலும், மாற்று இங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

கல்யாணங்களில் தாம்பூலப் பையோடு மரக்கன்று கொடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நடிகர் விவேக் முன்னெடுத்த ‘கிரீன் கலாம்’ இயக்கம் கன்று நடுவதை வீட்டுப் பேச்சாக்கியது, அது நன்மை. ஆனால் அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் இருப்பவர் புங்கன் கன்றை வாங்கிப்போய் என்ன செய்வார்? அங்கே துளசியோ ஓமவல்லியோ ஒரு பாக்கெட் கீரைவிதையோ பொருத்தம். மரக்கன்று, நடுவதற்கு நிலம் உள்ளவர் கைக்குப் போகட்டும்.

திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களில் உழவர்களுக்குப் பாரம்பரிய நெல் இரண்டு கிலோ இலவசமாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர்கள் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இப்படியே நூற்றுக்கு மேற்பட்ட நெல் ரகங்கள் மறுபடியும் வயலுக்கு வந்தன. 2018-இல் அவர் மறைந்தபின்னும் அந்த விதைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மாடித்தோட்டத்துக்கும் அந்த முறை பொருந்தும்: பத்து விதை வாங்கியவர் ஒரு பருவம் கழித்து இருபதைத் திருப்பித் தரலாம். வாங்கியது முளைக்காமல் போயிருந்தால் அதைச் சொல்வதே திருப்பித் தருவதுதான். தொடக்கக்காரரிடம் கொடுக்க விதை இருக்காது. மண்புழு உரம், தேங்காய் நார், காலித் தொட்டி, விதையைப் புடைத்துத் தரும் இரண்டு மணி நேர உழைப்பு எல்லாம் கணக்கில் சேரும். வாங்கிக்கொண்டே போகிறவர்களைப் பற்றிய மனத்தாங்கல் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. முதல் பருவம் கணக்குப் பார்க்காமல் கொடுத்து, இரண்டாம் முறை கேட்கும்போது முதல் விதை என்ன ஆனது என்று கேட்டால் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சட்டம் பகிர்வதற்கு எதிராக இல்லை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை வெளிப்படையாகச் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் பொறித்த பாக்கெட்டில் விற்பதை மட்டும் தடுக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஆர்க்கிடோ பெரணியோ பிடுங்கிவந்து பகிர்வது குற்றம். வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்குக் கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பசுமையாதல் நோயைச் சுமக்கும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலை விருப்பமான உணவு என்பதால் அந்தத் தடை.

கூடுவதற்கு ஏற்ற காலம், விதைப்புக்குச் சற்று முன்: ஆடிப்பட்டத்துக்கு ஆனியிலும், தைப்பட்டத்துக்கு மார்கழியிலும். ஆனிக் கூட்டம் விதைக்கும், மழை தொடங்கியபின் ஒரு கூட்டம் போத்துக்கும் பதியத்துக்கும் என்று பிரித்துக்கொண்டால் வெயிலில் கன்றுகள் வாடுவது குறையும். ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது: எந்த ரகம் எந்தெந்த வீட்டில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு விதைத்தது. மூன்று வீட்டுக்குக் குறைவாக இருக்கும் ரகத்தை அந்தப் பருவம் கூடுதலாக ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். தக்காளி, கத்தரி, சுரை விதைகள் நன்றாக வைத்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். வெண்டையும் மிளகாயும் இரண்டு ஆண்டுக்குள், வெங்காயம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது வெங்காயத்தின் பக்கம்.

அன்புடன்,
ஒரு மாடித்தோட்டக்காரர்